மதார் சாகிபுக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது

புயல் வருவதை முன்கூட்டியே கண்டு சொல்வதற்கென்று அரசாங்கம் ஓர் ஆபீஸ் திறந்தது. எங்கே என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில், உடைமரங்களை வெட்டித் தள்ளிய ஒரு பொட்டலில். சுதந்திரம் வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் அப்போது எதைத் திறந்தாலும் கூட்டம் வந்தது; இதற்கும் வந்தது. கடலோரமாக வைத்திருந்தால் புயலுக்குப் பக்கமாக இருக்குமே என்று ஒரு பருத்தி வியாபாரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டார். பட்டணத்திலிருந்து வந்திருந்த மேலதிகாரி அவரைப் பரிவோடு பார்த்தார். கடலோரத்தில் வைத்தால் புயல் அடிக்கிறபோது கட்டடம் என்ன ஆகும், கருவிகள் என்ன ஆகும், யோசிக்க வேண்டாமா என்றார். பருத்தி வியாபாரி வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

போர்டில் 'மேல்வளி நோக்கு நிலையம்' என்று எழுதியிருந்தது. ஜனங்கள் ஒரே வாரத்தில் அதைக் காத்தாபீஸ் ஆக்கிவிட்டார்கள். அங்கே நோக்கர் ஒருவர், பியூன் ஒருவர். நோக்கர் இரத்தினசபாபதி நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார், சட்டத்தை மீறவும் மாட்டார். பியூன் சௌடப்பன் நெசவுக்காரன். நூல் கிடைக்காமல் தறி ஓய்ந்துபோய், நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இந்த வேலைக்கு வந்தவன். வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுவான். ஆபீசில் இரண்டையும் பேசாமல் இருப்பதே நல்லது என்று கற்றுக்கொண்டிருந்தான்.

தினமும் காலையில் ஒரு வெள்ளைப் பலூனில் வாயுவை அடைத்து மேலே விடுவார்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்று நோக்கர் கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்ப்பார். மேலே வீசுகிற காற்றின் திசையும் வேகமும் அதிலிருந்து தெரியும், இப்படிப் பல ஊர்க் கணக்கையும் சேர்த்தால் புயல் எங்கே பிறந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலத்த காற்றில் விட்ட இரண்டு பலூன்கள் கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டதால், இனி காற்று அடங்கியிருக்கும் நாட்களில் மட்டுமே பலூன் விடவேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. அதிலிருந்து நோக்கர் விடிந்ததும் வாசலில் நின்று காற்று அடிக்கிறதா என்று பார்ப்பார். அடித்தால் அன்றைக்குக் காற்றை ஆராய்வதில்லை.

கூரைமேல் ஒரு கம்பத்தில் கிண்ணி வைத்த சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. காற்றின் வேகத்தை அளக்கிற சாமான் அதுதான். அதைப் பற்றியும் ஒரு சர்க்குலர் இருந்தது. விலையுயர்ந்த கருவியாதலால், புயல் காற்றுக்கான அறிகுறி தெரிந்தவுடன் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிப் பாதுகாக்க வேண்டும். மூன்றாவதாக இன்னொரு சர்க்குலர். எது நடந்தாலும், குறித்த நேரத்தில் கருவியைப் பார்த்து அது காட்டுகிறதை எழுதத் தவறக்கூடாது. மூன்றையும் இரத்தினசபாபதி சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிவைத்திருந்தார். மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

வீரசோழன் என்கிற ஊரில் இருந்த மதார் சாகிபுக்கும் இந்த ஆபீசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் வத்தல் வியாபாரி. சுற்றுப்பட்டிக் கரிசலில் விளைகிற மிளகாயைக் காயப்போட்டு, மூட்டை பிடித்து அனுப்புகிறவர். மனைவி மௌத்தாகி அடக்கமாகிவிட்டாள். ஒரே மகள் மீரான் பீவி. அவளுக்கு ஹனீபா என்று ஒரு பையனைப் பார்த்துக் கட்டிவைத்து, வீட்டோடு வைத்துக்கொண்டார். ஹனீபா சிரித்த முகம், சுறுசுறுப்பு. மாமனாரின் வத்தலைத் தொண்டியில் தோணி ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் விற்று வருவான். வரும்போது அவளுக்கு ஏதாவது வாங்கி வருவான், அதை அவள் கையில் கொடுக்காமல் மூட்டைக்குள்ளே ஒளித்துவைத்துத் தேடவிடுவான். மதார் சாகிபு இதைப் பார்க்காத மாதிரி இருந்துகொள்வார்.

அந்தக் கார்த்திகையில் ஹனீபா தோணி ஏறினான். மறுநாள் புயல் அடித்தது.

அன்று பகலில் மதார் சாகிபு அருப்புக்கோட்டைச் சந்தையிலிருந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி வழியில் வானம் கறுத்து, காற்று மாட்டைப் பின்னால் தள்ள ஆரம்பித்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கட்டடம் என்று இருந்தது காத்தாபீஸ் ஒன்றுதான். மாட்டை அவிழ்த்துவிட்டு அதற்குள் ஓடினார். அங்கே சௌடப்பன் ஏணியில் நின்று, காற்றில் வேட்டி பறக்க, கிண்ணிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கீழே நோக்கர், பார்த்து, பார்த்து என்று கத்திக்கொண்டிருந்தார். சௌடப்பனைப் பார்த்து அல்ல, சக்கரத்தைப் பார்த்து.

சக்கரம் பெட்டிக்குள் போனது. பெட்டியைப் பூட்டி, மேலே ஒரு கம்பளியைப் போர்த்தி, மேஜைக்கு அடியில் வைத்தார்கள். அடுத்த கணம் கூரை போயிற்று. ஓடுகள் சடசடவென்று பறந்தன. ஒன்று சௌடப்பன் தலையில் விழுந்து மண்டை பிளந்தது. மூன்று பேரும் மேஜைக்கு அடியில் புகுந்தார்கள். நடு இடம் பெட்டிக்கு. மதார் சாகிபு தன் தலைத்துண்டால் சௌடப்பன் தலையைக் கட்டினார். நோக்கர் அவர் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சக்கரம் அசையாமல் இருந்தது. பையிலிருந்து பென்சிலை எடுத்து, 'காற்று இல்லை' என்று எழுதிக்கொண்டார். கூரையில்லாத ஆபீசில், மழையில் நனைந்தபடி எழுதினார். மதார் சாகிபு அதைப் பார்த்தார். அரசாங்கத்துக்கு ஆயிரம் வழக்கம் இருக்கும் என்று விட்டுவிட்டார். அவருக்கு அப்போது கவலையெல்லாம் தோணி மேல்.

புயல் ஓய்ந்தது. ஹனீபா வரவில்லை.

மதார் சாகிபு தொண்டிக்குப் போனார். கரையில் பலத்த காற்றுதான், ஆனால் ஹனீபாவின் தோணி அதற்கு முன்பே அக்கரை சேர்ந்திருக்கும் என்றார்கள் சிலர். சேர்ந்திருக்காது என்றார்கள் சிலர். தோணிக்காரர்கள் அக்கரையைச் சேர்ந்தவர்கள், ஆகவே அவர்களைப் பற்றிக் கேட்க இந்தப் பக்கம் ஆள் இல்லை. யாழ்ப்பாணத்து வியாபாரிக்கு எழுதிப் போட்டார். சரக்கு இங்கே வரவில்லை, மன்னார்ப் பக்கம் ஏதோ ஒரு தோணி ஒதுங்கியதாகக் கேள்வி என்று பதில் வந்தது. கேள்வி என்ற அந்த ஒரு சொல் அவரை மார்கழி முழுக்கத் தூங்கவிடவில்லை.

புருஷன் இறந்துவிட்டான் என்றால் ஒரு பெண்ணுக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. தாலியான கருகமணியைக் கழற்றிவிட்டு, வெள்ளை உடுத்தி, உள்வீட்டில் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து துக்கம் காப்பாள். ஊர்ப் பெண்கள் வந்து கூட இருந்து அழுவார்கள். அவனுக்காக ஓதுவார்கள். துக்கம் என்று ஒன்று இருந்தால் அது நடக்க ஒரு பாதை வேண்டும் அல்லவா? மீரான் பீவிக்கு அந்தப் பாதை திறக்கவில்லை. வண்ணச்சேலை கட்டினால் பாரு இவளை என்றார்கள். வெள்ளை கட்டினால் புருஷன் சாவை முந்திக்கொண்டு வேண்டுகிறாள் என்றார்கள். வெளுத்துச் சாயம் போன பழைய சேலை ஒன்றைத் தேடியெடுத்து அதையே துவைத்துத் துவைத்துக் கட்டினாள். வருகிறவர்களும் ஆறுதல் சொல்வதா, நல்ல சேதி வரும் என்று சொல்வதா என்று தெரியாமல், மழை தண்ணியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அவள் தகப்பனாருக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் அழுவுறதா வேணாமான்னு மட்டும் யார்கிட்டயாச்சும் கேட்டுச் சொல்லுங்க."

மதார் சாகிபு கையைக் கழுவிவிட்டு எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே தொழவைக்கிற அசரத்து பொறுமையாகக் கேட்டார். கரையில் அடித்ததை எல்லோரும் பார்த்தார்கள், அது போதாது என்றார். தோணி நடுக்கடலில் இருந்த நேரத்தில் புயல் அங்கே இருந்ததா என்பதுதான் விஷயம். இருந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், அதில் போனவன் மௌத்தாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு மீரான் பீவியை இத்தா இருக்கச் சொல்லலாம். கிழவர்கள் யூகத்துக்கெல்லாம் ஒரு பெண்ணை விதவையாக்க என்னால் ஆகாது என்றார். அப்புறம் அவர் முகம் தெளிந்தது.

"அதான் நம்ம பக்கத்துலயே காத்தாபீஸு இருக்குல்ல? புயலு எங்கன இருந்து எங்கன வந்துச்சுன்னு பாக்குறதுக்குத்தான சம்பளம் குடுத்து வச்சிருக்காக? அவுக ஒரு வார்த்த எழுதிக் குடுத்தாப் போதும்."

மதார் சாகிபுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது மாதிரி இருந்தது. வேறு யாரிடமாவது கேள் என்று சொல்லியிருந்தால் கலங்கியிருப்பார். இது அவரே உள்ளே உட்கார்ந்து பார்த்த புயல். எழுதித் தரவேண்டிய ஆள் அவர் தோளில் சாய்ந்து நடுங்கிய ஆள்.

தை பிறந்ததும் போனார். கூரைக்குப் புது ஓடு போட்டிருந்தார்கள். நோக்கர் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். விவரத்தைக் கேட்டதும் உண்மையாகவே கண் கலங்கினார். அலமாரியைத் திறந்து அன்றைய கணக்கை எடுத்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ராவுத்தரே, அன்னைக்குக் காத்தே இல்லையே."

மதார் சாகிபு தனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தார். நோக்கர் திரும்பவும் சொன்னார். ஒரு நேரம் இல்லை, நாள் பூராவும் இல்லை, கருவி அசையவே இல்லை என்றார்.

"அய்யா, நீங்களும் நானும் இந்த மேசைக்கு அடியிலதான உக்காந்திருந்தோம்?"

"உக்காந்திருந்தோம். நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா அப்ப உக்காந்திருந்தது இரத்தினசபாபதிங்கிற தனி மனுஷன். அவன் பயந்தான், அது உண்மை. நோக்கருங்கிறவன் கருவி காட்டுறதைத்தான் எழுதமுடியும். மனுஷன் பயத்தையெல்லாம் கணக்குல ஏத்துனா நாளைக்கு எவன் நம்புவான்?"

கருவியைத்தான் பெட்டிக்குள் வைத்திருந்தோமே என்றார் மதார் சாகிபு. ஆமாம், புயலில் வெளியே வைத்தால் கெட்டுவிடும் அல்லவா என்றார் நோக்கர். சுவரில் இருந்த சர்க்குலரையும் காட்டினார். அவர் கேலி செய்யவில்லை, ஒரு குழந்தைக்குச் சொல்கிற பக்குவத்தோடு சொன்னார். மதார் சாகிபு கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்ப அந்த ஓடெல்லாம் எப்படிப் போச்சு என்று கேட்டார். கூரை மராமத்து இலாகாவைச் சேர்ந்தது. அவர்கள் வந்து பார்த்து, வயதாகிவிட்டதால் ஓடு தானாக விழுந்தது என்று எழுதிவிட்டார்கள். கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்றதற்கு, சீக்கிரம் வயதாகிவிட்டது என்றார் நோக்கர்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். மதார் சாகிபுக்கு வரவில்லை. மகள் வாசல்படியில் நின்றுகொண்டிருப்பாளே என்றுதான் நினைத்தார்.

வெளியே சௌடப்பன் நின்றான். தலையில் தையல் போட்ட தழும்பு, முடி முளைக்காமல் பளபளவென்று தெரிந்தது. அதற்கும் விசாரணை நடந்து முடிந்திருந்தது. காற்று இல்லாத நாளில் ஓடு விழ, அது விழுகிற இடத்தில் தலையைக் கொண்டுபோய் வைத்தது பியூனின் கவனக்குறைவு என்று எழுதி, இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று அவனிடம் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். அவன் சாகிபுவின் செருப்பை எடுத்துத் திருப்பி வைத்தான்.

மதார் சாகிபு விடவில்லை. பட்டணத்துத் தலைமை ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டார். அங்கேயும் நல்லவர்களே இருந்தார்கள். மனுவை மதித்து, உடனே விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தில் அன்று காற்று எப்படி இருந்தது என்று தெரியவேண்டும், அதற்கு அங்கே இருப்பது ஒரே ஒரு நிலையம். ஆகவே இரத்தினசபாபதியைக் கேட்டார்கள். அவர் காற்று இல்லை என்று பதில் எழுதினார். நிபுணர்கள் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். வங்காள விரிகுடாவில் ஒரு புயல் கிளம்பியது நிஜம். அது கரையேறி உள்ளே வந்திருந்தால் அருப்புக்கோட்டை நிலையத்தில் தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஆகவே அது வரும் வழியிலேயே, கடலில், வெகு தூரத்தில் கரைந்துவிட்டது. படத்தில் புயலின் பாதையைக் கோடு போட்டு வந்தவர்கள், பாதிக் கடலில் கோட்டை நிறுத்தி, பேனாவை மூடிவிட்டார்கள். ஹனீபாவின் தோணி அந்தக் கோடு நின்ற இடத்துக்கு இந்தப் பக்கம், புயல் வராத பக்கம் இருந்தது.

மாசி போனது, பங்குனி போனது. மதார் சாகிபு காத்தாபீசுக்கு நடந்து நடந்து அந்தப் பாதையில் கரி போட்டு பஸ் ஓட்டுகிறவனுக்கே அவர் பழகிப்போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் மீரான் பீவி கேட்கமாட்டாள். அவர் முகத்தை ஒருதரம் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். கருகமணியைத் தொட்டுத் தொட்டு அவள் கழுத்தில் ஒரு கறுப்பே விழுந்துவிட்டது.

வைகாசியில் பட்டணத்து மேலதிகாரி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பரிசு கொடுக்க. மாகாணத்தில் உள்ள நிலையங்களிலேயே ஒரு கருவிகூடச் சேதமாகாமல், ஒரு வேளைக் கணக்குகூடத் தவறாமல் இருந்தது அருப்புக்கோட்டை நிலையம்தானாம். பந்தல் போட்டு, வாழை கட்டி, கொடியேற்றினார்கள். வீரசோழனிலிருந்துகூட நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மதார் சாகிபு மனுவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி எழுந்து பேசினார்.

"அன்பர்களே, வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டியதோடு நிற்கவில்லை, நம்முடைய புயல்களைப் பற்றியும் நமக்கு எதுவும் சொல்லாமல் போய்விட்டான். இன்றுவரை புயல்களைப் பற்றி நாம் சரியாகத் தெரிந்துகொள்ள முடியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், புயல் வருகிற சமயங்களில் வானிலை மிகவும் மோசமாக இருப்பதுதான். அந்த மோசமான நேரங்களில் நம் கருவிகளை நாம் காப்பாற்றிவிட்டோம். நல்ல நாட்களில் நாம் எடுத்திருக்கும் கணக்குகளை உலகத்தில் எவனும் குறை சொல்லமுடியாது. இந்த நிலையம் திறந்த நாள் முதல் இங்கே ஒரு புயல்கூட அடிக்கவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கூட்டம் கை தட்டியது. கூரை போன அன்று தங்கள் வீட்டுக் கூரையும் போனவர்கள் அதில் பாதிப் பேர். அவர்களும் தட்டினார்கள்.

அப்புறம் இரத்தினசபாபதி, நெஞ்சில் பரிசு மெடலோடு, மேலதிகாரியின் காதில் ஏதோ சொல்லி மதார் சாகிபுவைக் காட்டினார். பாவம், நல்லது செய்யவேண்டும் என்றுதான் செய்தார். மேலதிகாரி மனுவை வாங்கிப் படித்தார். ஒரு தகப்பன் இத்தனை மாதம் அலைந்திருக்கிறானே என்று மனுவை இன்னொரு தடவை படித்தார். இப்படிப்பட்டவர்களுக்காகத்தானே இந்த இலாகா என்று சொல்லி, அங்கேயே தட்டச்சு மெஷினைக் கொண்டுவரச் செய்து, இங்கிலீஷில் ஒரு சான்று அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். கூட்டத்துக்கு முன்னால் அதைத் தமிழில் படித்தும் காட்டினார். குறிப்பிட்ட நாளில் தொண்டிக்கும் அக்கரைக்கும் நடுவில் உள்ள கடலில் புயல் எதுவும் இல்லை. கடல் அமைதியாக இருந்தது. ஹனீபா என்பவர் போன தோணிக்கு வானிலையால் எந்த ஆபத்தும் நேர்ந்திருக்க முடியாது.

"பெரியவரே, உங்கள் மருமகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரசாங்கம் சொல்கிறது. சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள்."

மதார் சாகிபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மேலதிகாரி அவருக்குப் போட்டுவிட்டார். போட்டோ பிடிக்கிறவன் எல்லோரையும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னான்.

பந்தலுக்கு வெளியே சௌடப்பன் அவரைப் பின்தொடர்ந்து ரோடு வரைக்கும் வந்தான்.

"ராவுத்தரய்யா, அந்தக் காயிதத்த வீட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போகாதீக. கிழிச்சுப் போடுங்க. நான் வாரேன் உங்க அசரத்துக்கிட்ட, ஓடு விழுந்தது காத்துலதான்னு நான் சொல்றேன்."

"சொன்னா உன் வேல போயிருமேப்பா."

தறியில் நூல் இல்லை, வீட்டில் நாலு பிள்ளைகள். சௌடப்பன் நின்ற இடத்திலேயே நின்று காலால் மண்ணைக் கிளறினான். வா என்று மதார் சாகிபும் சொல்லவில்லை. அவனுடைய தழும்பை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். கிழித்துப் போடத்தான் நினைத்தார். வழியில் எங்காவது கண்மாயில் போட்டுவிட்டு, ஆபீசில் ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று எண்ணிக்கொண்டே போனார்.

ஆனால் வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர் முந்தின பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹனீபா உயிரோடு இருக்கிறான், சர்க்கார் சீல் குத்திக் கொடுத்துவிட்டது என்று பேச்சு தெருவெல்லாம் பரவிக் கிடந்தது. மதார் சாகிபு இறங்கியதும் கட்டிப்பிடித்தார்கள். வீட்டுக்குள் பெண்கள் சீனி கொண்டுவந்து மீரான் பீவியின் வாயில் போட்டார்கள். அசரத்துகூட வந்து, அல்லாஹ் பெரியவன், நல்ல வேளை நாம் அவசரப்படவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குள் பேச்சு திரும்பிவிட்டது. யார் முதலில் கேட்டார்கள் என்று தெரியவில்லை. காற்றும் இல்லை, புயலும் இல்லை, தோணிக்கு ஆபத்தும் இல்லை என்றால், போனவன் ஆறு மாதமாக ஏன் வரவில்லை? மன்னார்ப் பக்கம் ஒதுங்கியதாகத்தானே சொன்னார்கள்? அங்கே அவனுக்கு என்ன வேலை? எல்லோருக்கும் ஒரே பதில்தான் தோன்றியது. அவன் சிரித்த முகமே அதற்குச் சாட்சியாகிவிட்டது. காலையில் செத்தவனா இருக்கிறவனா என்று தெரியாமல் இருந்த ஹனீபா, பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டியைக் கைவிட்டு ஓடியவன் ஆகிவிட்டான். கடலில் போனவனைப் பற்றி அப்படிப் பேசியதைக் கேட்க மதார் சாகிபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவருடைய மடியிலேயே அதற்குச் சீல் குத்திய ஆதாரம் இருந்தது.

பெண்கள் கலைந்து போனதும் மீரான் பீவி அவரிடம் வந்தாள்.

"காத்தே இல்லையாமேத்தா."

அவர் மடியிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஏன் அவுக வரல?"

உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். இந்தக் காகிதம் பொய், நான் என் கண்ணால் பார்த்தேன், என் தோளை ஒட்டிக்கொண்டு அந்த ஆள் நடுங்கினான், பெட்டிக்குள் இருந்த சக்கரத்தைப் பார்த்து எழுதினான், உன் புருஷன் உன்னை விட்டுப் போகவில்லை தாயே, கடல் கொண்டுபோய்விட்டது. அத்தனையும் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"வேற ஒருத்தியோட இருக்காகன்னு சொல்றாக. இருந்துட்டுப் போகட்டும்த்தா. உசுரோட இருக்காகள்ல. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டாள். அந்தச் சாயம் போன சேலையை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் போட்டாள். பெட்டியிலிருந்து பச்சைச் சேலை ஒன்றை எடுத்து உடுத்தி, தலையைச் சீவி, கருகமணியை இழுத்துச் சரிசெய்து, கண்ணுக்குச் சுருமாவும் இட்டுக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் நிமிர்ந்து நடந்தாள்.

மதார் சாகிபு வாயை மூடிக்கொண்டார். மகளுக்காக ஒரு புயலைத் தேடி ஆறு மாதம் அலைந்தவர், இப்போது அந்தப் புயலை அவளிடம் கொடுக்க மனம் வராமல் நின்றார். கொடுத்தால் அவன் இன்றைக்குத்தான் சாவான். எத்தனை வருஷம் இப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளோ என்றும் நினைத்தார். அரசாங்கத்தைத் திட்டலாம் என்றால் திட்டுவதற்கு ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை. எல்லோரும் அவருக்கு நல்லதைத்தான் செய்திருந்தார்கள்.

வத்தல் மூட்டை போட்டிருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நெடி மூக்கில் ஏறியது. ஒரு மூட்டைமேல் முகத்தைக் கவிழ்த்து, மருமகனை நினைத்து, ஹனீபா, ஹனீபா என்று சத்தம் வராமல் அழுதார். அவனுக்காக ஓத ஒருவரும் இல்லை, கூட அழ ஒருவரும் இல்லை. தனக்குத் தெரிந்ததை எல்லாம் அவரே வாய்க்குள் ஓதினார்.

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் வந்து நின்றது தெரிந்தது.

"அத்தா, தொண்டிக்கு யாராச்சும் போனாகன்னா சொல்லி விடுங்க. நான் கோவமா இல்லன்னு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லி விடுறேம்மா," என்றார்.